பூங்கொத்து இல்லாத செவ்வாய்க்கிழமை

முதல் சனிக்கிழமையே கடைசி பெஞ்சுக்கு அடிபிடி நடந்தது. அன்று வகுப்புக்கு வந்திருந்த அத்தனை பேரும் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள். முதல்வர்கள், துணை முதல்வர்கள், என்னைப் போலத் தொடக்கப் பிரிவின் தலைமை ஆசிரியைகள். வாரம் முழுக்கப் பிள்ளைகளை முன்னால் வந்து உட்காரச் சொல்லித் தொண்டை வற்றியவர்கள், தாங்கள் மாணவர்களானதும் பின்வரிசையைப் பிடிக்க ஓடினார்கள். நான் சற்றுத் தாமதமாகப் போனதால் முன்வரிசைதான் கிடைத்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வேலையில் இருப்பவர்களுக்கென்றே தில்லியில் நடத்தப்படும் முனைவர் பட்டப் படிப்பு அது. துறை, கல்வித் தலைமை. ஒரு பள்ளியை நடத்துவது என்றால் என்ன, யார் சொன்னால் யார் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று ஆராய்வது. சனிக்கிழமைகளில் வகுப்பு, மற்ற நாட்களில் அவரவர் பிழைப்பு. குருகிராமத்திலிருந்து வந்த ஒரு முதல்வர், தம் பள்ளியில் செல்போனைக் கண்டாலே பிடுங்கிவிடுவாராம். இங்கே மேசைக்கு அடியில் வைத்து கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். கட்டுரை கொடுக்க வேண்டிய நாளில் எங்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். பேராசிரியர் கொடுத்த பாடக்குறிப்பில் பிழை கண்டுபிடித்து, சிவப்பு மையால் வட்டம் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்த அம்மாளும் எங்கள் வகுப்பில் இருந்தார். வகுப்பு முடிந்தால் கூட்டமாகப் பக்கத்து முனிர்கா சந்துகளுக்குள் நடந்து போய், தமிழ் மாணவர்கள் சாப்பிடும் ஒரு சின்ன மெஸ்ஸில் இட்லி சாப்பிடுவோம். சாம்பாரை டம்ளரில் வாங்கிக் குடித்த வடக்கத்தி நண்பர்களுக்கு இட்லியின் தலையில் ஊற்றச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

எதற்கு இந்த வயதில் படிப்பு என்று கேட்டவர்களிடமெல்லாம் பதவி உயர்வுக்கு உதவும் என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மைக் காரணம் வேறு. நான் உள்ளே நுழைந்தால் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுவிடும். தலைமை ஆசிரியை ஆன நாளிலிருந்து இதே கதைதான். அதற்கு முந்தின வாரம்வரை என்னோடு ஒரே டப்பாவில் கைவிட்டு ஊறுகாய் தின்றவர்கள், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" என்றார்கள். தாழ்வாரத்தில் நடந்து வரும்போது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். கதவைத் தள்ளினால் எல்லோரும் தலைகுனிந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. நானும் என் தலைமை ஆசிரியைக்கு அப்படித்தான் செய்தேன். ஆனால் தனிமையாக இருந்தது. அந்தச் சிரிப்பு எதைப் பற்றி என்று தெரிந்துகொள்ளாமல் ஓய்வு பெற எனக்கு மனமில்லை. எனவே, தலைமை இல்லாத நேரத்தில் ஆசிரியர்கள் தலைமையைப் பற்றி என்ன பேசுகிறார்கள், ஒரு பள்ளி அன்றாடம் எப்படி ஓடுகிறது என்பதையே என் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

என் நெறியாளர் என்னைவிட மிகவும் இளையவர். நான் அவர் அறைக்குள் போனால் விசுக்கென்று எழுந்து நின்றுவிடுவார். பள்ளிக்கூடத்துப் பழக்கம். பிறகு இங்கே தாம்தான் ஆசிரியர் என்பது நினைவுக்கு வந்து மெல்ல உட்காருவார். சொந்தப் பள்ளியை ஆராயக்கூடாது, அங்கே யாரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். வேறொரு பள்ளிக்குப் போங்கள், ஒரு மூலையில் உட்காருங்கள், எதிலும் தலையிடாதீர்கள், எனக்கு ஒரே ஒரு சாதாரண நாளைக் கொண்டுவந்து கொடுங்கள் என்றார். கேட்பதற்கு மிகவும் எளிதாக இருந்தது.

எங்கள் பள்ளி நிர்வாகம் பெருந்தன்மையோடு செவ்வாய்க்கிழமைகளை எனக்கு விட்டுக்கொடுத்தது. தில்லியின் துவாரகா பகுதியைத் தாண்டி ஒரு பெரிய பள்ளியில் அனுமதி கிடைத்தது. முதல் செவ்வாயன்று நோட்டும் பேனாவுமாக மெட்ரோவில் இறங்கி ரிக்ஷா பிடித்துப் போய்ச் சேர்ந்தால், வாசலில் பாண்டு வாத்தியம்! இரண்டு சிறுமிகள் நெற்றியில் திலகமிட்டார்கள். முதல்வர் கையால் சம்பங்கியும் கிளாடியோலஸும் வைத்த பெரிய பூங்கொத்து. அப்புறம் வரவேற்புப் பாட்டு, சமோசா, காஜு கத்லி. தில்லிப் பள்ளிக்கூடத்தில் வெளியிலிருந்து ஒரு தலைமை ஆசிரியை வந்து வகுப்பில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் இன்ஸ்பெக்ஷன். ஆராய்ச்சி, பிஎச்.டி. என்று நான் சொன்னதையெல்லாம் அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, இன்ஸ்பெக்ஷனுக்கு என்ன உண்டோ அதைச் செய்தார்கள்.

வகுப்பில் கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கினார்கள். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் பள்ளியிலும் இதே ஏற்பாடுதான். ஆசிரியைகளைத் தனித்தனியாகப் பேட்டி கண்டேன். எங்கள் முதல்வர் எங்களுக்கு அப்பா மாதிரி என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் ஒரு மாறுதலுக்கு, பெரியப்பா மாதிரி என்றார்.

அந்தப் பள்ளியில் துணை முதல்வராக இருந்தவர் தமிழ்ப் பெண்மணி. தில்லியிலேயே பிறந்து ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். முழங்கால் வலி, பருத்திப் புடவை, எந்தத் தளத்திலிருந்தும் கேட்கும் குரல். என்னிடம் தமிழில்தான் பேசுவார், ஆனால் அதிலும் விருந்தாளி மரியாதைதான்.

"வாங்க மேடம், உக்காருங்க மேடம். ஏசி போடவா? சாய் இல்ல காபியா?"

"ஒண்ணும் வேண்டாம் மேடம். நான் பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கேன்."

"அரே, அப்பிடி எப்பிடி விட முடியும்? கெஸ்ட்டு நீங்க."

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்தால், அந்த வகுப்பை அந்நேரம் ஓய்வாக இருக்கும் வேறொருவர் தலையில் கட்டுவார்கள். தில்லியில் இதற்கு அரேஞ்ச்மென்ட் என்று பெயர். மற்ற பள்ளிகளில் பலகையில் எழுதிப் போடுவார்கள். இவர் எதையும் எழுதுவதில்லை. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் மாடிப்படியின் அடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆசிரியர்கள் மேலே ஏறும்போது, தேவையான ஆளுக்கு முன்னால் கை குறுக்கே நீளும். "ஃபிஃப்த் பீரியட், நைன் ஏ." அவ்வளவுதான், தப்பிக்க முடியாது. சிலர் போனில் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு ஏறுவார்கள். சிலர் பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடுவார்கள். நான் அந்தப் படியைக் கடக்கும்போது மட்டும் அந்தக் கை மேலே போய் வணக்கமாகக் குவிந்துவிடும்.

செவ்வாய் மாலைகளில் பூங்கொத்தோடு மெட்ரோவில் வீடு திரும்புவேன். மோதி பாக்கில் எங்கள் அரசுக் குடியிருப்பு வீட்டில் வாளி, சொம்பு, தண்ணீர் ஜாடி எல்லாவற்றிலும் பூ நின்றது. என் கணவர் மத்திய அரசு அலுவலர்; அவருடைய திருநெல்வேலிப் பேச்சைத் தில்லிக் குளிரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"என்னட்டி இது, வீடு ஆஸ்பத்திரி வார்டு மாரில்லா கெடக்கு? யாரும் பாத்தா எனக்கு என்னமோ ஆபரேசன்னு நெனைப்பாங்க."

"சும்மா இருங்கத்தான். நானே வயித்தெரிச்சல்ல இருக்கேன்."

கல்லூரிக்குப் போகும் என் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "மம்மி, ரிசர்ச்சுன்னா பேப்பர்தானே வரும்? உங்களுக்கு மட்டும் ஏன் ஃபூல் வருது?" பூவுக்கு அவள் வாயில் இந்திதான் வரும்.

சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன். நிலைமை மோசமானது. ஓர் இளம் ஆசிரியை என்னை வாசலில் கண்டதும் பயந்து அழுதேவிட்டாள். பூ வேண்டவே வேண்டாம் என்று முதல்வரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அடுத்த வாரம் தொட்டியோடு ஒரு செடியைக் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் பல்கலைக்கழகம் எனக்குக் கடைசி நீட்டிப்பைக் கொடுத்திருந்தது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இத்தனை வருடச் சனிக்கிழமைகளும் வீண். நெறியாளரிடம் எழுதியவரையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வரிசையாகப் பக்கங்களைப் புரட்டினார். மிகுந்த தயக்கத்தோடு, மேடம், இது ஆய்வு அல்ல, ஆண்டு விழா மலர் என்றார். ஒரு சாதாரண நாள்கூட இதில் இல்லை, அது இல்லாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகம் என் முகத்தைவிட வாடியிருந்தது.

அடுத்த செவ்வாய் இன்னொரு தொட்டி. அதை மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் அழுதேன். எதிரே இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, செடி வாடினால் கொஞ்சம் நிழலில் வையுங்கள், பிழைத்துக்கொள்ளும் என்று ஆறுதல் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் விட்டுவிடப் போகிறேன் என்றேன். அத்தான் அன்று சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் அந்தக் குழம்பு ஒன்றுதான் அவருக்குப் பழுதில்லாமல் வரும்.

"விடுததுன்னா விடு. யாரு வேண்டாம்னா? ஆனா நீ விட்டுட்டு சனிக்கெழமை சனிக்கெழமை மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு என்னைய வறுத்து எடுப்ப. அதுக்கு நீ படிச்சே முடிச்சிரு தாயி. இப்ப சாப்புடு, சொதி ஆறுது."

சாப்பிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனேன்.

அது டெங்குக் காலம். ஊரில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார். அந்தப் பள்ளியில் அன்று யார் வந்திருக்கிறார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்று எண்ணுவதுதான் பெரும்பாடு. வாசலில் பாண்டு இல்லை, முதல்வரும் காய்ச்சலில் இருந்தார். துணை முதல்வர் படிக்கட்டடியில் நின்று ஆட்களைப் பிடித்துப் பிடித்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரே ஆளுக்கு இரண்டு வகுப்பு. நூலகரைக்கூட விடவில்லை. நான் வழக்கம்போல ஓரமாக ஒதுங்கி ஏறினேன். அவர் கை கூப்பினார். நான் இரண்டு படி ஏறியிருப்பேன்.

"மேடம்."

திரும்பினேன். அவர் மேலே என்னைப் பார்த்தார், தாழ்வாரத்தைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். மேலே எங்கேயோ ஒரு வகுப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். செவன் சி-ல யாருமே இல்ல. ஒரே ஒரு பீரியட். நீங்க சும்மா போய் உக்காந்தாக்கூடப் போதும்."

எதிலும் தலையிடாதீர்கள் என்ற நெறியாளரின் குரல் காதில் ஒலிக்கத்தான் செய்தது. ஆனால் படிக்கட்டில் நிறுத்தி வகுப்பைச் சொன்னால் ஏறிப் போவதுதான் எந்த ஆசிரியைக்கும் உடம்பில் ஊறிய பழக்கம். கால் தானாக ஏறிவிட்டது.

ஏழாம் வகுப்பு சி பிரிவு என்னை வரவேற்கவில்லை. யாரும் எழுந்து நிற்கவும் இல்லை. ஒருத்தி ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டில் ஒன்று என் தலைக்கு மேல் பறந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பாடம் எடுத்தறியாதவள் நான். வேறெதுவும் தோன்றாமல், எங்கள் மழலைப் பிள்ளைகளிடம் நாள் முழுக்கச் சொல்வதை அடிவயிற்றிலிருந்து சொல்லிவிட்டேன்.

"ஃபிங்கர் ஆன் லிப்ஸ்!"

அப்புறம் அந்த வகுப்பு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து வகுப்புகள் கதவைத் திறந்து பார்த்தன. மீசை அரும்பத் தொடங்கிய பிள்ளைகள், என்னைவிட உயரமான பெண்கள், வாயில் விரலை வைத்துக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மிச்ச நேரம் முழுக்க அவர்கள் எனக்கு, எந்த ஆசிரியர் வந்தால் எந்தத் தந்திரம் பலிக்கும் என்று விளக்கமாகப் பாடம் எடுத்தார்கள். மணி அடித்தபோது புடவைத் தலைப்பில் சுண்ணக்கட்டித் தூளோடு வெளியே வந்தேன்.

செய்தி எனக்கு முன்பே கீழே இறங்கியிருந்தது. ஆசிரியர் அறைக் கதவைத் தள்ளினேன். பேச்சு நின்றது. இங்கேயும் அதுதானா என்று நினைத்தேன். அப்போது மூலையிலிருந்த கணக்கு ஆசிரியர், வாத்தியார்களுக்கே உரிய நிதானத்தோடு கேட்டார், ஏழாம் வகுப்பில் ஃபிங்கர் ஆன் லிப்ஸ் என்றீர்களாமே மேடம், உண்மையா?

அறை வெடித்தது. அழுத அந்த இளம் ஆசிரியை சிரித்துச் சிரித்து மேசையில் தலை சாய்த்துவிட்டாள். யாரோ நாற்காலியை என் பக்கம் தள்ளினார்கள். தேநீர் காகிதக் கோப்பையில் வந்தது, ஆறிப்போய். காஜு கத்லி இல்லை. விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது. முதல்வர் யாருக்கும் அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெளிவானது. அவர் அறைக்குப் போக வேண்டிய எந்தப் பிரச்சினையும் முதலில் படிக்கட்டில் நிற்கும் முழங்கால் வலிக்காரரிடம் போய்த் தீர்ந்துவிடுகிறது என்பதும் தெரிந்தது. அவரையும் விட்டுவைக்கவில்லை, அவர் நடையை ஒருவர் எழுந்து நடித்துக் காட்டினார். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள், அந்த ஃபிங்கர் ஆன் லிப்ஸையும் சேர்த்து எழுதுங்கள் என்றார்கள். பல வருடமாகக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட சிரிப்பு அது. அன்று அது என்னைப் பற்றியே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அன்றைக்குப் பிறகு பூ நின்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை படிக்கட்டில் கை குறுக்கே நீண்டது. "அக்கா, தர்ட் பீரியட், சிக்ஸ் பி. ஜல்தி." மேடம் எப்போது அக்காவானேன் என்று யோசிக்கக்கூட நேரம் தரவில்லை. அதற்கடுத்த வாரம் நானே மற்றவர்களோடு பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடினேன். அங்கே ஏற்கெனவே நின்றிருந்த கணக்கு ஆசிரியர் எனக்கு இடம் விட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

நெறியாளரிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. ஆய்வு கெட்டுப்போனது என்று பதிவையே ரத்து செய்துவிட்டால்? ஒளித்து வைக்கவும் மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு எந்த வகுப்பு என்று கேட்டார். ஏழு சி என்றேன். ஐயையோ என்றார். பிறகு தாங்கமாட்டாமல் சிரித்தார். ஓரமாக உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள் மேடம், உங்களை எப்படி உள்ளே இழுத்தார்களோ அதையே முதல் அத்தியாயமாக எழுதுங்கள் என்றார். எழுதினேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் சொதிதான். மகள் அதன் பெயரைக் கேட்டாலே இப்போதும் எழுந்து போய்விடுகிறாள். கெடு முடிவதற்குச் சற்று முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தேன். மழைக்காலத்தில் வாய்மொழித் தேர்வு நடந்தது. நீங்கள் பார்த்தது சாதாரண நாள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று வெளியூர்த் தேர்வாளர் கேட்டார். அன்று எனக்கு யாரும் பூ கொடுக்கவில்லை ஐயா என்றேன். பின்வரிசையில் இருந்த என் சனிக்கிழமைக் கூட்டம், குருகிராமத்து முதல்வர் தலைமையில், விசிலடித்தது.

பட்டம் கிடைத்த செய்தி துவாரகாவுக்கும் போயிற்று. பாராட்டு விழா என்று முதல்வர் அழைத்தார். மறுக்க முடியவில்லை. வாசலில் மறுபடியும் பாண்டு வாத்தியம். திலகம், பூங்கொத்து, மேடை, போதாததற்கு ஒரு பொன்னாடை. "டாக்டர் மேடம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ வற்றிக்கொண்டே போனது. கீழே என் ஆசிரியர் அறை நண்பர்கள் வரிசையாக, நேராக, கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு ஆசிரியர் என் பார்வையைச் சந்திக்கவே இல்லை. முடிந்தது, மறுபடி விருந்தாளி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். நன்றியை நான் இரண்டே வரியில் முடித்ததை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விழா முடிந்து முதல்வர் அறைக்குச் சாப்பிடப் போகும் வழியில் படிக்கட்டைக் கடந்தேன். கை குறுக்கே நீண்டது.

"அக்கா, ஃபோர்த் பீரியட், எயிட் சி."

"இப்பமா? பிரின்சிபால் சாப்பிடக் கூப்பிட்டிருக்காரே."

"சாப்பாடு எங்க போயிடப் போவுது? ரெண்டு பேரு லீவு. ஜல்தி போங்கக்கா, கிளாஸ் கத்துது கேக்கல?"

கையிலிருந்த பூங்கொத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, பொன்னாடை தோளில் கிடக்க, இரண்டிரண்டு படியாக ஏறினேன். என் மூட்டும் ஒன்றும் சின்ன வயது மூட்டு இல்லை. எட்டு சி என்பது போன வருடத்து ஏழு சி-தான். கூச்சல் தாழ்வாரம் வரைக்கும் கேட்டது. கதவைத் தள்ளினேன்.

சத்தம் நின்றது. வகுப்பு முழுக்க எழுந்து நின்றது. எல்லோர் வாயிலும் விரல். கடைசி பெஞ்சில் இருந்த நெட்டைப் பையன் முதல் ஜன்னல்காரி வரை ஒருவர்கூட விரலை எடுக்கவில்லை. தோள்கள் மட்டும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதாவது பேசினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால், நானும் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.